டீசல் இன்ஜின், நாயனம், தவளை: சோதனை இசைக்கு எந்த சாம்ப்ளர்?

வெண்ணாறு | மன்னார்குடி

சொந்தப் பதிவுகள் சுமார் மூன்று மணி நேரம் கையில் இருக்கின்றன. வயலில் ஓடும் டீசல் இன்ஜின், கோயில் மணி, மின்சார மேளம், சம்பா நாற்று நிற்கும்போது ராத்திரி கத்தும் தவளைகள், ஒரு நாயனக்காரர் சம்மதித்து வாசித்துக் கொடுத்த ஆலாபனைத் துண்டுகள், தவிலின் தனிச்சொற்கள் (தனித்தனி அடிகள்). எல்லாமே 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்.

மடிக்கணினி விண்டோஸ், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. இசைப்பதிவு மென்பொருள் ரீப்பர். 25 விசை மிடி கீபோர்டு ஒன்று. பாட்டுக்குப் பின்னணி சேர்க்கும் வேலை இல்லை. இந்த ஒலிகளை இழுத்து, நொறுக்கி, உருத்தெரியாமல் மாற்ற வேண்டும். இதற்குச் சாம்ப்ளர், அதாவது பதிவான ஒலியை விசையில் ஏற்றி வாசிக்கும் மென்பொருள், வேண்டும். அதிலும் கான்டாக்ட் இல்லாமல் ஆகாது என்கிறார்கள். பத்தாயிரம் ரூபாய்க்குள் முடிக்கப் பார்க்கிறேன். எதை எடுக்கலாம்? ஏன் என்றும் சொன்னால் நல்லது.

குடமுருட்டி | திருவையாறு

பேர் சொல்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி தம்பி. ஒலி ஓடிக்கிட்டிருக்கும்போது உங்க கை எதை நகர்த்தப் போகுது?

சாம்ப்ளர்னு ஒரே பேரில் ரெண்டு தனித்தனி சாமான் விக்குது. ஒண்ணு, விசைக்கு விசை ஒலியை அடுக்கி வெச்சு, அழுத்தினா தலையிலேருந்து ஓட்டுற வகை. இதிலயும் தொடக்கப் புள்ளியை மாத்தலாம், ஆனா விசையை அழுத்துற நொடியில் ஒரு தடவைதான் அது கணக்கில் எடுத்துக்கும். அழுத்தின பிறகு குமிழைத் திருகினா அடுத்த நோட்டுக்குத்தான் பலிக்கும். இது தெரியாம வாங்கிட்டு, குமிழ் வேலை செய்யலைன்னு புலம்புறவங்க நிறைய. இன்னொண்ணு கிரானுலர். ஒலியைச் சின்னச் சின்ன மணியாக் கிள்ளிக் கொட்டும். எந்த இடத்தில் கிள்ளணுங்கிறதை ஓட்டத்திலேயே மாத்தலாம்.

உங்க சாமானைப் பிரிச்சுப் பாருங்க. தவிலும் மின்சார மேளமும் முதல் வகைக்குப் போகும். தவளை, மணியோட வால், இன்ஜின் மூணும் ரெண்டாவது வகைக்கு. நாயனம் ரெண்டிலயும் அடங்காது, அதைத் தனியாப் பேசணும். ஆகவே "ஒரே சாம்ப்ளர்"ங்கிற எண்ணத்தை முதல்ல விடுங்க.

அரசலாறு | கும்பகோணம்

கான்டாக்ட்டை இவ்வளவு சீக்கிரம் ஒதுக்க வேண்டாம் அண்ணே. அதிலுள்ள ஸ்கிரிப்ட் மொழியை வைத்து, ஒரு நோட்டு அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதையே மாற்றி எழுதலாம். இந்த வசதி எல்லாச் சாம்ப்ளரிலும் கிடைக்காது. டைம் மெஷின் மோடில் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் இழுக்கலாம். டோன் மெஷினில் ஃபார்மன்ட்டை, அதாவது ஒலிக்கு அதன் நிறத்தைத் தரும் அதிர்வெண் மேடுகளை, தனியாக நகர்த்தலாம்.

ஆனால் வாங்குகிறவர் நான்கு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இலவசமாகக் கிடைக்கும் கான்டாக்ட் பிளேயர் இந்த வேலைக்கு ஆகாது. பிளேயருக்கென்று உரிமம் பெறாத எந்தத் தொகுப்பைத் திறந்தாலும் 15 நிமிடத்தில் நின்றுவிடும். நாமே கட்டியதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

டிஎஃப்டி என்னும் வட்டிலிருந்து ஓட்டும் மோடில், ஒவ்வொரு ஒலிக்கும் தலைப்பகுதி மட்டும் ரேமில் ஏறும். இயல்பான அளவு 60 கிலோபைட். நம் கோப்புக் கணக்குப்படி அது கால் வினாடிக்கும் குறைவு. தொடக்கப் புள்ளியை 3 வினாடி தள்ளி வைக்க நினைத்தால் எஸ்.மாட் (தொடக்கப் புள்ளி எவ்வளவு தூரம் நகரலாம் என்பதன் எல்லை) அளவையும் அதற்குத் தக்கபடி கூட்ட வேண்டும். இல்லையென்றால் குமிழ் ஒரு சின்ன எல்லைக்குள்ளேயே சுற்றும்.

பின்னோக்கி ஓட்டுவது சாம்ப்ளர் மோடில்தான். டிஎஃப்டியில் அந்தப் பொத்தான் இருக்காது. டைம் மெஷினுக்கு மாறினால் முழுக் கோப்பும் ரேமுக்கு வந்துவிடும்.

கடைசியாக, சேமிக்கும்போது பேட்ச் (அமைப்புக் கோப்பு) மட்டும் என்று விடாமல் பேட்ச்சும் சாம்பிள்களும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பதிவுக் கோப்புறையை வேறு வட்டுக்கு மாற்றிய மறுநாள், ஒலிகளைக் காணோம் என்ற பெட்டி எழுந்து வருவதற்குக் காரணம் இதுதான்.

குடமுருட்டி | திருவையாறு

நீங்க சொன்ன நாலும் சரி. ஆனா முழுப் பதிப்பு அவர் சொன்ன பத்தாயிரத்துக்குள்ள வராது. ஸ்கிரிப்ட் எழுதுற ஆளுக்குத்தான் அந்தப் பணம் தகும்.

புத்தாறு | நாகப்பட்டினம்

8 ஜிபி போதுமா என்று அடுத்துக் கேட்பார், அதனால் கணக்கை இப்போதே போட்டுவிடலாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் வினாடிக்கு 48,000 × 3 × 2 = 2,88,000 பைட். நிமிடத்துக்கு ஏறத்தாழ 17 எம்பி. பல சாம்ப்ளர்கள் ரேமில் ஏற்றும்போது 32 பிட்டாக மாற்றிக்கொள்ளும், அப்போது 23 எம்பி. பத்து வினாடி ஒலி நூறு போட்டாலும் 400 எம்பியைத் தொடாது. ரேம் தின்பது பெரிய ஆர்க்கெஸ்ட்ரா தொகுப்புகள்தான். சொந்தப் பதிவு வைத்து வேலை செய்கிறவர் ரேமைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது சிபியு. கிரானுலரில் ஒரு நோட்டுக்கு ஒரே சமயம் 20 கிரெய்ன் (கிள்ளிய ஒலிமணி) ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் அது 20 குரல். ஆறு நோட்டு பிடித்தால் 120. மடிக்கணினி சூடேறி வெடிப்புச் சத்தம் வந்தால் முதலில் குறைக்க வேண்டியது கிரெய்ன் அடர்த்தி. அதன் பிறகு பஃபரை (கணினி ஒலியை முன்கூட்டிச் சேர்த்து வைக்கும் அளவை) கூட்டலாம்.

பஃபர் 128 சாம்பிள் (இங்கே சாம்பிள் என்பது வினாடிக்கு 48,000 என்று பதிவாகும் ஒலிப்புள்ளி) என்றால் 2.7 மில்லிசெகண்ட் தாமதம், 512 என்றால் 10.7. இது வெளியே போகும் பாதை மட்டும். தவிலை விசையில் வாசிக்க 128 வேண்டும். தவளையை இழுத்துக் கேட்க 1024கூடப் போதும். இரண்டையும் ஒரே அமைப்பில் செய்ய முயலாதீர்கள். இழுத்த தடங்களைக் கோப்பாக எழுதிவிட்டு, பிறகு பஃபரைக் குறைத்துத் தவிலை வாசியுங்கள்.

வெண்ணாறு | மன்னார்குடி

நன்றி. இன்ஜினை எப்படி அணுகுவது? சும்மா லூப் போட்டால் நான்கு வினாடிக்கு ஒருமுறை கால் இடறுகிற மாதிரி கேட்கிறது.

கரிப்புகை | திருவாரூர்

இன்ஜினைப் பற்றித்தான் விவரமாகப் பேச வேண்டும். அது தன்னுடைய தாளத்தையும் சுருதியையும் தானே எழுதி வைத்திருக்கிற ஒலி.

வயலில் ஓடுவது பெரும்பாலும் ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், 1500 சுற்று. நான்கு ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. நிமிடத்துக்கு 750, வினாடிக்கு 12.5. வெடிப்புக்கும் வெடிப்புக்கும் இடையே 80 மில்லிசெகண்ட், உங்கள் கோப்பில் 3,840 சாம்பிள். இந்த 80ஐ எழுதி மேசைமேல் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். எல்லா அளவும் அதிலிருந்துதான் வரும்.

லூப் இடறுவதற்குக் காரணம், நான்கு வினாடியில் சரியாக 50 வெடிப்பு இருக்கும் என்று நம்பி வெட்டியிருப்பீர்கள். இன்ஜினிலுள்ள வேகக் கட்டுப்பாட்டுக் கருவியான கவர்னர் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும், தண்ணீர்ப் பளு மாறினாலும் மாறும். ஆகவே கடிகாரத்தைப் பார்த்து வெட்டாமல் அலைவடிவத்தைப் பார்த்து வெட்டுங்கள். பெரிதாக்கினால் ஒவ்வொரு வெடிப்பும் முள் மாதிரி நிற்கும். அதற்கு முன்னால் ஒரு சமதளம் தெரியும், பெல்ட் அடிக்கும் சத்தம் மட்டும் இருக்கும் இடம். லூப்பின் தலை, வால் இரண்டும் அந்தச் சமதளத்தில் விழ வேண்டும், முள்ளுக்கு ஒரே தூரத்தில். கிராஸ்ஃபேட் (வாலைத் தேய்த்துக்கொண்டே தலையை ஏற்றிக் கலப்பது) 15 முதல் 20 மில்லிசெகண்ட் போதும். 80 வைத்தால் இரண்டு வெடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கொஞ்சம் விலகினாலும் "டுடுப்" என்று இரட்டையாகக் கேட்கும்.

இனி கிரானுலர். கிரெய்ன் நீளம் 80, வினாடிக்கு 12.5 கிரெய்ன், இடத்தை நகராமல் நிறுத்துங்கள். ஒரே வெடிப்பு திரும்பத் திரும்ப வரும், செத்த இயந்திரம் மாதிரி இருக்கும். இடத்துக்குக் கூட்டல் கழித்தல் 5 மில்லிசெகண்ட் சிதறல் கொடுங்கள், மூச்சு வந்துவிடும். 40 கொடுங்கள், தாளம் உடைந்து சரளைக்கல்லாகும். 5க்கும் 40க்கும் நடுவில் ஒரு குமிழை மெல்ல நகர்த்துவதே அரை மணி நேரத்துக்கான இசை.

இன்னொன்று, சுருதி. வேகத்தை இரட்டித்தால் வெடிப்பு வினாடிக்கு 25. மறுபடி இரட்டித்தால் 50. அப்போது காது அதைத் தட்டலாக எண்ணுவதை விட்டுவிட்டு ஒரு சுரமாகக் கேட்கத் தொடங்கும். 50 ஹெர்ட்ஸ் என்பது ஐந்து கட்டையின் ஷட்ஜத்தைக் கீழ் ஸ்தாயிக்கு இறக்கியதைவிட 35 சென்ட் கூடுதல். நாயனத்தோடு சேர்க்க நினைத்தால் அந்த 35ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கருவியில் என்றால், ரீப்பரே இருக்கிறதே. அதோடு வரும் சாம்ப்ளரான ரீசாம்ப்ளோமேட்டிக்கில் லூப்பை ஏற்றி, அதே தடத்தில் பின்னால் ஆர்கோட்லூனார் என்ற கிரானுலர் எஃபெக்ட்டைப் போடுங்கள். இலவசம். அது கோப்பை ஏற்றாது, தன்னிடம் வரும் ஒலியைத்தான் கிள்ளும். இந்த வேலைக்கு அதுவே வசதி, முன்னால் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். எமர்ஜென்ஸும் அதே இனம், அதுவும் இலவசம்.

ரீசாம்ப்ளோமேட்டிக்கில் எந்த விசையை அழுத்தினாலும் ஒரே சுருதி வந்தால் பதற வேண்டாம். மேலே உள்ள மோடை "நோட்" என்று மாற்றினால் சரியாகும்.

புத்தாறு | நாகப்பட்டினம்

ஒரு சின்னச் சேர்க்கை. கிரெய்ன்கள் ஒழுங்கான இடைவெளியில் வினாடிக்கு 40 விழுந்தால், உள்ளே என்ன ஒலி இருந்தாலும் 40 ஹெர்ட்ஸில் ஒரு ரீங்காரம் கேட்கும். "எதைப் போட்டாலும் வண்டு மாதிரி வருகிறதே" என்பதன் காரணம் இது. இடைவெளியைச் சிதறடித்தால் போய்விடும். வண்டுதான் வேண்டும் என்றால் சிதறல் பூஜ்யம்.

வெண்ணாறு | மன்னார்குடி

லூப் சரியாகிவிட்டது, சமதளத்தில் வெட்டியதுதான் தீர்வு. ஆனால் அதே 20 மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேடைத் தவளைக்கு வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் சத்தம் ஒரு கணம் பள்ளத்தில் இறங்கி ஏறுகிறதே?

அரசலாறு | கும்பகோணம்

கிராஸ்ஃபேடின் வளைவுதான் காரணம், நீளம் இரண்டாம்பட்சம். தவளைக் கூட்டம், மழை, வாய்க்கால் மதகு போன்றவற்றில் தலையும் வாலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத அலைகள். நேர்க்கோட்டு வளைவில் கலந்தால் நடுவில் 3 டெசிபல் குறையும், அதுதான் உங்கள் பள்ளம். ஈக்வல் பவர் வளைவுக்கு மாற்றி, நீளத்தை அரை வினாடிக்குக் கூட்டுங்கள்.

நாயனத்தின் நீண்ட சுரத்துக்கு இது தலைகீழ். அங்கே இரு பக்கமும் ஒரே அலை. ஈக்வல் பவர் வைத்தால் நடுவில் 3 டெசிபல் வரை மேடு எழும். நேர்க்கோடு வையுங்கள், அலையின் கட்டத்தையும் (ஏற்ற இறக்க நிலையையும்) பொருத்துங்கள்.

மணியின் வாலில் லூப் வைக்க வேண்டுமென்றால் முதலில் அதன் அலைவை எண்ணுங்கள். வார்ப்பு மணியில் கிட்டத்தட்ட ஒரே அதிர்வெண்ணில் இரண்டு சுரங்கள் சேர்ந்து "வோவ் வோவ்" என்று ஆடும். வினாடிக்கு இரண்டு ஆட்டம் என்றால் லூப் நீளம் அரை வினாடியின் மடங்கில் இருக்க வேண்டும், 2 அல்லது 2.5. நடுவில் வெட்டினால் ஆட்டம் நொண்டும்.

பூவரசங்கழி | வலங்கைமான்

தவிலுக்கு வர்றேன். இதுக்கு ஒத்தைப் பைசா செலவு வேணாம். எஸ்எஃப்இசட் கோப்பு எழுதுங்க, ஸ்ஃபோர்ட்சாண்டோ இல்ல ஸ்ஃபிஸ்ஸில் திறங்க, ரெண்டும் இலவசம். எஸ்எஃப்இசட்ங்கிறது வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில் எழுதிடலாம். எந்த ஒலி, எந்த விசை, எந்த அழுத்தம்னு வரிக்கு வரி சொல்றதுதான்.

ஒரு சொல்லுக்கு எத்தனை அடி பதிவு பண்ணணும்னு கேட்டா எல்லாரும் எட்டுன்னு சொல்லுவாங்க. எட்டு வேணாம், ஏழு எடுங்க. ரவுண்ட் ராபின், அதாவது ஒரே விசையைத் தட்டத் தட்ட பதிவுகள் ஒண்ணொண்ணா மாறி வர்றது, வரிசையா சுத்தும். நீங்க ஆதி தாளத்தில் அட்சரத்துக்கு ஒரு அடி வாசிச்சா, எட்டு அடியில் ஒரு சுத்து முடிஞ்சு அதே பதிவு மறுபடி சமத்தில் வந்து உக்காரும். ஒவ்வொரு ஆவர்த்தனமும் ஜெராக்ஸ் எடுத்த மாதிரி இருக்கும். ஏழோ அஞ்சோ வெச்சா தாளத்தோட ஒட்டாம நழுவிக்கிட்டே போகும். மின்சார மேளத்துக்கு மட்டும் இது வேணாம். அங்க ஜெராக்ஸ்தானே அழகு!

கோப்பில் "சீக்_லெங்த்" 7, ஒவ்வொரு பதிவுக்கும் "சீக்_பொசிஷன்" 1 முதல் 7 வரை. "லூப்_மோட்" ஒன்_ஷாட் போட மறக்காதீங்க. இல்லாட்டி விரலை எடுத்த உடனே வலந்தலையோட நாதம் அறுந்துடும். "பிட்ச்_கீட்ராக்" 0, விசைக்கு விசை சுருதி மாறாம இருக்க. திறந்த சொல்லை மூடின சொல் அடக்கணும்னா "குரூப்", "ஆஃப்_பை" ரெண்டும் சேர்ந்து வேலை செய்யும். சும்மா விட்டா டக்குன்னு வெட்டும். "ஆஃப்_மோட்" நார்மல்னு கொடுத்தா ரிலீஸ் நேரத்தை மதிச்சு மெல்ல அடங்கும்.

வெட்டும்போது ரெண்டு தப்பு நடக்கும். ஒண்ணு, ஒவ்வொரு அடியையும் தனித்தனியா நார்மலைஸ் பண்றது. மெல்லடியும் ஓங்கினடியும் ஒரே உசரத்துக்கு வந்துடும், அப்புறம் வெலாசிட்டி (விசையைத் தட்டுற வேகம்) அடுக்குக்கு அர்த்தமே இல்ல. மொத்தத் தொகுதிக்கும் ஒரே அளவு கூட்டுங்க. ரெண்டாவது, அடிக்கு முன்னாடி விடுற மௌனம். ஒண்ணுல 1 மில்லிசெகண்ட், இன்னொண்ணுல 12ன்னு இருந்தா வாசிக்கிறவருக்குக் காலப்பிரமாணம் ஆடுற மாதிரி தோணும். கூடு மாட்டின விரல் அடிக்குக் கூர்மை அதிகம், அங்க நல்லாவே தெரியும். எல்லாத்துக்கும் ஒரே 1 மில்லிசெகண்ட் வைங்க.

கோப்புப் பேரை ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாம வைங்க. லினக்ஸுக்குக் கொண்டுபோனா பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசத்துக்கே ஒலி வராது.

குடமுருட்டி | திருவையாறு

அந்த ஏழு கணக்கு அருமை. இனிமே நானும் அதையே சொல்லப் போறேன்.

எஸ்எஃப்இசட்டில் இன்னொரு கட்டளை சோதனை ஆளுங்களுக்கு முக்கியம், "ஆஃப்செட்_ராண்டம்". அளவு சாம்பிள் எண்ணிக்கையில். 1,92,000 கொடுத்தா ஒவ்வொரு அழுத்தத்துக்கும் முதல் 4 வினாடியில் எங்கேருந்தாவது தொடங்கும். தவளைக் கோப்பில் போட்டுப் பாருங்க, ஒரே விசையை எத்தனை தடவை தட்டினாலும் வேற தவளை. கூடவே "ஆம்ப்இஜி_அட்டாக்" 0.005 வைக்கணும். அலை நடுவில் தொடங்கினா "டிக்"ங்கும், அந்த 5 மில்லிசெகண்ட் அதை மறைச்சிடும்.

நாணல் | மயிலாடுதுறை

நாயனத்தை யாரும் தொடவில்லை. அதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்.

மேற்கத்திய முறைப்படி சுரத்துக்கு ஒன்றாகப் பதிவு செய்து விசைகளில் பரப்பினால் இரண்டு கேடு. ஒன்று, சுரங்களுக்கு நடுவே உள்ள வழுக்கல் போய்விடும். நாயனத்தில் சுரம் என்பதே அந்த வழுக்கலுக்குள்தான் இருக்கிறது. ஏழு நிலையான தூண்களை நட்டுவைத்து அதைத் தோடி என்று சொல்ல முடியாது. இரண்டாவது, சீவாளியின் மூக்கொலி. அதன் ஃபார்மன்ட் ஓரளவு நிலையாக நிற்பது. வேகத்தை மாற்றிச் சுருதி ஏற்றினால் ஃபார்மன்ட்டும் கூடவே ஏறும். மூன்று அரைச்சுரம் தாண்டினாலே பாரி நாயனம் பொம்மைக் குழல் ஆகிவிடும். கீழே இறக்கினால் எருமை. அந்த எருமை வேண்டுமென்றே வேண்டும் என்றால் அது வேறு விஷயம்.

ஆகவே சுரமாக வெட்டாமல் பிடிகளாக (ராகத்தின் சிறு சொற்றொடர்களாக) வெட்டுங்கள். ஒரு பிடி, ஒரு விசை, கீட்ராக் 0. சுருதியைப் பிட்ச் பெண்ட் சக்கரத்தால் நகர்த்துங்கள். எஸ்எஃப்இசட்டில் "பெண்ட்_அப்" 1200, "பெண்ட்_டவுன்" கழித்தல் 1200. விட்டால் இருப்பது 200தான்.

ஏன் சக்கரம், ஏன் சாதாரணக் குமிழ் கூடாது? பிட்ச் பெண்டில் 16,384 படிகள். 2,400 சென்ட்டை அதில் பங்கிட்டால் ஒரு படி 0.15 சென்ட். எந்தக் காதுக்கும் தெரியாது. மிடி குமிழில் 128 படிதான், ஒரு படி கிட்டத்தட்ட 19 சென்ட். கமகம் படிக்கட்டில் இறங்குகிற மாதிரி தடதடக்கும். பலர் இதற்கு சாம்ப்ளரைக் குறை சொல்கிறார்கள், குற்றம் குமிழில் இருக்கிறது.

சமப்பங்கு அல்லாத சுருதிக்கு விசைகளை மாற்ற வேண்டுமென்றால் ஸ்ஃபிஸ் ஸ்காலா கோப்பை (சுருதி அளவுகளை எழுதிய கோப்பு) ஏற்கும். டேல் சாம்ப்ளரும் வெளிச்சுருதிக் கோப்பைப் படிக்கும். கான்டாக்ட்டில் ஸ்கிரிப்ட் வழியாகச் செய்யலாம். வாங்கும் முன் சாம்ப்ளரின் கையேட்டில் இந்த ஒன்றைத் தேடிப் பாருங்கள். நம் ஊர் வேலைக்கு எந்த ஃபில்டரைவிடவும் இது முக்கியம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாசித்தவரிடம் வாங்கிய அனுமதி எதற்கு என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இசையில் பயன்படுத்துவது ஒன்று, தொகுப்பாக வெளியிட்டுப் பிறர் பயன்படுத்த விடுவது முற்றிலும் வேறு.

வெண்ணாறு | மன்னார்குடி

எழுதி வாங்கியிருக்கிறேன், என் இசைக்கு மட்டும். பிடிகளாக வெட்டும் யோசனை தோன்றவே இல்லை.

வீரசோழனாறு | தரங்கம்பாடி

பெட்டிகளைக் கம்பியால் இணைத்து ஒலியை உருவாக்கும் மென்பொருளான ப்யூர் டேட்டா பெயரை யாரும் எடுக்காதது ஆச்சரியம். இலவசம், பழைய கணினியிலும் ஓடும், சாம்ப்ளரை நீங்களே வரைந்துகொள்ளலாம். ஒரு அரே (ஒலி இருக்கும் அட்டவணை), ஃபேஸர் (படிக்கும் இடத்தை நகர்த்துவது), டேப்ரீட்4 (அந்த இடத்தைப் படிப்பது), பெருக்கல் ஒன்று, அவ்வளவுதான். ஃபேஸருக்குப் பதில் இன்ஜினின் ஒலி அளவையே படிக்கும் இடமாகக் கொடுத்தால், இன்ஜின் தவளையைப் படிக்கும். பெரும்பாலான கடைச் சாம்ப்ளர்களில் அந்தக் கம்பி இருக்காது.

ஒரு பள்ளம் மட்டும் உண்டு. சாதாரணப் பதிப்பில் எண்கள் ஒற்றைத் துல்லியம். 24 பிட்டுக்குள் முழு எண்ணும் பின்னமும் இரண்டும் அடங்க வேண்டும். அரேவில் 10,48,576ஆவது சாம்பிளைத் தாண்டினால், அதாவது 48 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 22ஆவது வினாடிக்குப் பிறகு, பின்னத்துக்கு மிஞ்சுவது எட்டில் ஒரு பங்குத் துல்லியம்தான். மெதுவாகப் படிக்கும்போது மணல் கரகரப்பு கேட்கும். பலர் மைக்கைச் சந்தேகிக்கிறார்கள். கோப்பை 20 வினாடித் துண்டுகளாக வெட்டி ஏற்றுங்கள், அல்லது டேப்ரீட்4இன் வலப்பக்க நுழைவில் தொடக்க இடத்தைத் தனியாகக் கொடுங்கள்.

அரசலாறு | கும்பகோணம்

நல்லதுதான், ஆனால் அதில் ஆறு மாதம் படிப்பிலேயே போய்விடும். இசை எப்போது வரும்?

வீரசோழனாறு | தரங்கம்பாடி

கான்டாக்ட் ஸ்கிரிப்ட் மட்டும் ஒரே ராத்திரியில் வந்துவிடுமா?

குடமுருட்டி | திருவையாறு

ரெண்டு பேரும் நிறுத்துங்கப்பா.

டேனிஸ் கேபர் 1947இல் ஒலியை மணிமணியாப் பிரிக்கலாம்னு எழுதினார். பியர் ஷெஃபர் 1948இல் பாரிஸில் ரயில் சத்தத்தைத் தட்டில் வெட்டி இசையாக்கினார். 1986இல் பேரி ட்ரூவாக்ஸ் கிரெய்ன்களை நிகழ்நேரத்தில் கொட்டி ஒரு நதியையே செஞ்சார், அதில் ஒரு சொட்டு நிஜத் தண்ணிச் சத்தம் கிடையாது. கருவியைப் பத்தி அவங்க சண்டை போட்டதைவிட நாமதான் அதிகம் போடுறோம்.

ரீப்பர் இல்லாம வேற இசை மென்பொருள் வெச்சிருக்கிற மத்தவங்களுக்காக வேகமா ஒரு சுத்து. ஏபிள்டன் லைவ் இருந்தா சிம்ப்ளரிலேயே டெக்ஸ்ச்சர் வார்ப் கிரானுலர்தான். சூட் பதிப்பு 12 வெச்சிருக்கிறவங்க ராபர்ட் ஹென்கேயோட கிரானுலேட்டர் மூணை எடுத்துக்கலாம். கீழ்ப் பதிப்புகளில் எது இருக்கு, எது இல்லைன்னு அவங்க தளத்தில் ஒப்பீட்டுப் பட்டியல் இருக்கு, பார்த்துட்டு வாங்குங்க. பிட்விக்கோட சாம்ப்ளரில் இடத்தை உறைய வெச்சு மாடுலேட் பண்ணலாம், இந்த வேலைக்கே பொறந்த மாதிரி. மேக்கில் லாஜிக் இருந்தா ஆல்கமி உள்ளேயே இருக்கு, தனியா எதுவும் வாங்காதீங்க. பணம் கொடுத்தே ஆகணும்னா பேட்ஷாப், பிக்மென்ட்ஸ்ங்கிற கிரானுலர் சிந்தசைசர் ரெண்டின் டெமோவையும் இறக்கி, உங்க தவளையைப் போட்டுக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. கம்பெனிக்காரன் கொடுத்த ஒலியில் எல்லாமே இனிக்கும்.

கரிப்புகை | திருவாரூர்

தவளைக்கு பால்எக்ஸ்ஸ்ட்ரெட்ச்சை விட்டுவிட்டீர்கள். இலவசம். 20 வினாடியை 20 நிமிடமாக இழுக்கும். அது அலையின் கட்டங்களைக் கலைத்துப் போடுவதால் "டொக்" என்ற தலை கரைந்துவிடும், தவளை எல்லாம் ஆர்கன் ஆகும். தவிலைப் போட்டால் வெறும் பனிமூட்டம்தான். இழுத்ததைக் கோப்பாக எழுதி, அதைச் சாம்ப்ளரில் ஏற்றுங்கள். ஓட்டத்தில் இழுத்து மடிக்கணினியை வதைக்க வேண்டாம்.

வெண்ணாறு | மன்னார்குடி

இதுவரை: தவிலுக்கும் நாயனப் பிடிகளுக்கும் எஸ்எஃப்இசட், இன்ஜினுக்கு ரீசாம்ப்ளோமேட்டிக்கோடு ஆர்கோட்லூனார், தவளைக்கு பால்எக்ஸ்ஸ்ட்ரெட்ச். பத்தாயிரம் அப்படியே இருக்கிறது.

மிச்சம் மணி. இரண்டு ஸ்தாயி இறக்கினால் போர்வைக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி மங்குகிறது. அடியில் ஒரு "குர்ர்" வேறு.

நாணல் | மயிலாடுதுறை

48 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இல்லை. இரண்டு ஸ்தாயி என்றால் நான்கில் ஒரு பங்கு, ஆக உச்சமே 6 கிலோஹெர்ட்ஸ்தான். போர்வை என்று சொன்னது அதுதான். எந்தச் சாம்ப்ளரை மாற்றினாலும் வராது, கோப்பில் இல்லாததை அது எங்கிருந்து கொண்டுவரும்? இறக்காத மணியையும் பக்கத்தில் வைத்து, 5 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டி, 15 டெசிபல் குறைவாகக் கலந்தால் ஓரளவு ஒளி திரும்பும். ஆனால் அந்த அடுக்கு நான்கு மடங்கு சீக்கிரம் அடங்கிவிடும், அதற்கு ஒரு நீண்ட ரிவெர்ப் போட்டு மறைக்க வேண்டும். 96 கிலோஹெர்ட்ஸில் மறுபதிவு செய்தால் உச்சம் 12 வரை போகலாம், மைக் 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிக் கேட்கிற வகையாக இருந்தால் மட்டும்.

"குர்ர்" தெரு. 200 ஹெர்ட்ஸில் போன லாரி 50க்கு இறங்கி உட்கார்ந்திருக்கிறது. ஃபில்டரைச் சாம்ப்ளருக்குப் பின்னால் போட்டிருப்பீர்கள், அங்கே போட்டால் மணியின் அடித்தொனியும் சேர்ந்து போகும். இறக்குவதற்கு முன், மூலக் கோப்பிலேயே, மணியின் மிகத் தாழ்ந்த தொனியை அலைமாலையில் (ஸ்பெக்ட்ரம்) பார்த்து அதற்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள்.

பூவரசங்கழி | வலங்கைமான்

மறுபடி பதிவு பண்றதா இருந்தா உச்சிகாலம் வேணாம். அர்த்தஜாமத்தில் தெரு அடங்கியிருக்கும், மணியோட வால் முழுசாக் கிடைக்கும். சார்ஜரைக் கழட்டிட்டு பேட்டரியில் ஓட்டுங்க, 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறாது. குருக்கள்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. அன்னிக்கு ஒரு நாள் மட்டும் மின்சார மேளத்தைப் போடாம இருக்க முடியுமான்னும் கேட்டுப் பாருங்க.